அறுபதைத் தாண்டிய தோளுக்கு எந்தக் காம்பவுண்ட் வில்?

மூன்று ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் கடைசி. கனடாவின் ஒன்டாரியோவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே ஒரு நண்பரின் நிலத்தில், மரத்தில் கட்டிய மேடையில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு 61 வயது. இரண்டு மணி நேரக் குளிரில் விறைத்துப்போன தோளோடு என் 65 பவுண்டு காம்பவுண்ட் வில்லை (முனைகளில் சக்கரம் வைத்த வில்; இழுக்க 65 பவுண்டு பலம் வேண்டும்) இழுத்தேன். 20 கெஜத்தில் வந்த வெள்ளைவால் மான், நாண் என் கன்னத்தைத் தொட்ட நேரம் பார்த்து ஒரு சீடார் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டது. அரை நிமிடம் பிடித்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. நாணை மெல்ல இறக்கிவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. ஆனால் இறக்கும்போது அந்த வில் என் தோளைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடும் என்று தெரியும். அந்த வலிக்குப் பயந்தேன். மான் ஓர் அடி வெளியே வைத்ததும், நெஞ்சுப் பகுதி முழுதாகத் தெரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் அம்பை விட்டேன்.

அம்பு மண்ணில் குத்தி நின்றது. அது மானின் வயிற்றில் பாய்ந்திருந்தால், அந்த உயிர் காட்டுக்குள் எங்கேயோ கிடந்து மணிக்கணக்கில் துடித்துச் செத்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வில்லைச் சுவரில் மாட்டினேன். அதை மறுபடி வேட்டைக்கு எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் மருத்துவரிடமும் பிசியோவிடமும் வில் கடைகளிலும் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். "அண்ணா, தோள் போயிடுச்சு, புது வில் வாங்கட்டுமா, இல்ல கிராஸ்போவுக்குப் போயிடட்டுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் 58 முதல் 70 வயது வரையிலானவர்கள். (கிராஸ்போ என்பது துப்பாக்கிபோல் கட்டையில் பொருத்தி, விசையை அழுத்தி எய்யும் வில்.) எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஐந்து வழிகள் இருக்கின்றன. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே வேட்டை குற்றம். அங்கே இதை இலக்குப் பலகைக்கு எய்பவர்களுக்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

## எதை வைத்து அளப்பது

நாணை இறக்க முடிகிறதா. எனக்கு இதுதான் முதல் அளவுகோல். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. கடைக்காரர்கள் எல்லாரும் "எவ்வளவு இழுப்பீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "எவ்வளவு எடையிலிருந்து வலியில்லாமல் இறக்குவீங்க?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இளைஞனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. நமக்கு அப்படி இல்லை. இழுக்கும்போது முதுகும் உடல் எடையும் சேர்ந்து உதவும். இறக்கும்போது கேம், அதாவது வில்லின் முனைச் சக்கரம், திடீரென்று புரண்டு முழு எடையையும் ஒரே நொடியில் தோளில் போடும். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநார்களும்தான் அந்த உதறலைத் தாங்குகின்றன. வயதாக ஆக நைந்துபோவதும் கிழிவதும் அவைதான். இறக்கப் பயப்படுகிற வில்லாளி, எய்யக் கூடாத நேரத்தில் எய்துவிடுவார். நான் செய்தது அதுதான்.

சோதிப்பது சுலபம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், இலக்குக்கு நேராகப் பிடித்து மெதுவாக இழுங்கள். 30 நொடி பிடியுங்கள். பிறகு அதே மெதுவில் இறக்குங்கள். அம்பைப் பொருத்தி, இலக்கைப் பார்த்தபடிதான் இதைச் செய்ய வேண்டும். கை நழுவி வெறும் நாண் விடுபட்டால் வில்லே உடைந்து முகத்தில் தெறிக்கும். இதில் தேறும் எடைதான் உங்கள் எடை. நான் நின்றபடி 65 இழுத்தவன். இந்தச் சோதனையில் தேறியது 50.

பிடி எடை. 1960களில் மிசூரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் வில்லின் முனைகளில் சுழலும் சக்கரங்களைப் பொருத்தினார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. அதனால் வந்த பெரிய நன்மை, முழுதாக இழுத்த பின் கையில் நிற்கும் எடை குறைந்ததுதான். இந்தக் குறைவைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். என் பழைய வில் 65 பவுண்டு, 75 விழுக்காடு லெட்-ஆஃப். அதாவது முழு இழுவையில் சுமார் 16 பவுண்டு கையில் நிற்கும். இன்றைய 50 பவுண்டு வில்லில் 85 விழுக்காடு என்றால் ஏழரை பவுண்டுதான். புதருக்குப் பின்னால் மான் நிற்கும் ஒரு நிமிடத்தில் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

ஆனால் லெட்-ஆஃப் கூடக் கூட, இறக்கும்போது ஏற்படும் அந்தப் புரளலும் கூடலாம். 90 விழுக்காடு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காமல் இறக்கிப் பாருங்கள். சில இடங்களில் சட்டமும் குறுக்கே வரும். கொலராடோவில் வில் வேட்டைக்கு 80 விழுக்காடுதான் உச்சவரம்பு.

வில்லின் சொந்த எடை. வெறும் வில் மூன்றரை முதல் நாலரை பவுண்டு. குறி பார்க்கும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், அம்புக்கூடு, அம்புகள் எல்லாம் மாட்டினால் ஆறு, ஏழு பவுண்டு ஆகிவிடும். இழுக்கும் கையைப் பற்றியே பேசிப் பேசி, வில்லைப் பிடித்து நிற்கும் இடது கையை மறந்துவிடுகிறோம். அந்தத் தோளுக்கும் அதே வயதுதான்.

கண். நாணில் இருக்கும் பீப் துவாரம், சைட்டின் குறி முள், தூரத்து இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 60 வயதுக் கண்ணால் மூன்றும் தெளிவாகத் தெரியாது. அந்தி வெளிச்சத்தில் சின்ன பீப் இருட்டிவிடும். நான் கால் அங்குல பீப்புக்கு மாறிய பிறகுதான் கடைசி அரை மணி நேரத்தில் மானைப் பார்க்க முடிந்தது. முள் மங்கலாகத் தெரிபவர்களுக்கு பீப்பிலேயே வைக்கும் சின்ன லென்ஸ் கிடைக்கிறது. ஐந்து முள் சைட்டை விட, நகர்த்தக்கூடிய ஒரே முள் குழப்பம் தராது. இன்னொன்று: நாம் தலையைத் திருப்பி, மூக்கை ஒட்டிய கண்ணாடி ஓரம் வழியாகத்தான் குறி பார்க்கிறோம். புரோகிரெசிவ் கண்ணாடியில் அந்த ஓரம் தெளிவாக இருக்காது. வேட்டைக்கென்று ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். புது வில்லை விட மிக மலிவு, பலன் பெரிது.

வில்லின் நீளமும் கண்ணோடு தொடர்புடையதுதான். முனைக்கு முனை 28, 29 அங்குலமே உள்ள குட்டை வில்லில் நாண் கூர்மையான கோணத்தில் மடியும். பீப் கண்ணிலிருந்து விலகிப்போகும், தலையைக் குனிந்து தேட வேண்டியிருக்கும். கழுத்து வலி உள்ளவர்களுக்கு 31 முதல் 33 அங்குலம் இதமாக இருக்கும். தரையில் கூடாரம் போட்டு நாற்காலியில் உட்காருபவராக இருந்தால், அதற்கு மேல் நீளம் வேண்டாம். கீழ் முனை எங்காவது இடிக்கும்.

விரல். விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடும் கருவிதான் ரிலீஸ். மூட்டுவாதம் உள்ளவர்கள் கையில் பிடிக்கும் கட்டைவிரல் ரிலீஸையும் மணிக்கட்டில் பட்டை கட்டும் ரிலீஸையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பட்டை வகையில் பாரம் மணிக்கட்டுக்குப் போவதால் விரல்கள் தப்பிக்கும்.

சட்டமும் அம்பின் பலமும். ஒன்டாரியோவில் மானுக்கு, 700 மில்லிமீட்டருக்கு மேற்படாத இழுவை நீளத்தில் (நாணைப் பின்னால் இழுக்கும் தூரம்) குறைந்தது 18 கிலோ, அதாவது 39.7 பவுண்டு இருக்க வேண்டும். மூஸ், எல்க் என்னும் பெரிய மான்களுக்கும் கருங்கரடிக்கும் 22 கிலோ. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் மானுக்கு 30 பவுண்டு, கொலராடோவில் 35, வாஷிங்டனில் 40. அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம் சரி, மானுக்குப் போதுமா? அம்பின் ஆற்றலுக்குக் கணக்கு இதுதான்: அம்பின் எடையை கிரெயினில் (அம்பை நிறுக்கும் சின்ன அலகு) எடுத்து, வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்து, எடை × வேகம் × வேகம் ÷ 4,50,240. 50 பவுண்டு வில்லில் 400 கிரெயின் அம்பு 240 அடி வேகத்தில் போனால் சுமார் 51 அடி-பவுண்டு. 45 பவுண்டு வில்லில் அது 220 அடியாகக் குறைந்தால் 43. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் மான் வகைக்கு 25 முதல் 41 வரை, எல்க், கருங்கரடி வகைக்கு 42 முதல் 65 வரை. ஆக, 50 பவுண்டில் மான் விழாது என்பது பழைய பேச்சு. கூரான, தொட்டவுடன் வெட்டும் நிலையான பிராட்ஹெட்டை (வேட்டைக்கான அம்பு முனை) போடுங்கள். பாயும்போது விரியும் வகை, விரிவதற்கே கொஞ்சம் பலத்தைச் செலவழித்துவிடும்.

வேகம் குறைவதைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 20 கெஜம் என்பது 60 அடி. 270 அடி வேக அம்பு 0.22 நொடியில் போகும், 240 அடி வேக அம்பு 0.25 நொடியில். நாண் சத்தம் இரண்டுக்கும் முன்னாலேயே மானின் காதுக்குப் போய்விடும். 40 கெஜத்தில்தான் இந்த வித்தியாசம் வளர்கிறது. அவ்வளவு தூரத்தில் நான் இனி எய்வதில்லை.

## 1. இருக்கும் வில்லின் எடையையே குறைத்துக்கொள்வது

பழகிய வில், பழகிய பிடி. பெரும்பாலான வில்களில் லிம்ப் (வில்லின் மேலும் கீழும் வளையும் பகுதி) போல்ட்டைத் தளர்த்தினால் உச்ச எடையிலிருந்து 10 பவுண்டு வரை குறையும். மேலும் கீழும் ஒரே அளவு சுற்ற வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் போகக் கூடாது. இதற்குச் செலவே இல்லை. அதற்கும் கீழே வேண்டுமென்றால் சின்ன எடை லிம்ப் ஜோடி வாங்கி மாற்ற வேண்டும். கனடா டாலரில் 250 முதல் 400 ஆகலாம். உங்கள் மாடல் பத்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் லிம்ப் கிடைப்பதே கஷ்டம்.

மறைந்திருக்கும் செலவு அம்பில் இருக்கிறது. 65 பவுண்டுக்கு வாங்கிய அம்பு 50 பவுண்டுக்கு விறைப்பாகிவிடும், நேராகப் பறக்காது. ஒரு டஜன் புது அம்பு 150, 200 டாலர். நாண் இரண்டு மூன்று வருடமாக மாற்றாமல் இருந்தால் அதுவும் சேரும். இத்தனையும் செய்த பிறகும் பழைய கேம், பழைய லெட்-ஆஃப், பழைய உதறல் அப்படியேதான் இருக்கும். 70 பவுண்டு லிம்பை 60க்குத் தளர்த்தி எய்வதை விட, 60 பவுண்டு லிம்பை முழுதாக இறுக்கி எய்வது கொஞ்சம் கூடுதல் பலமும் குறைந்த அதிர்வும் தரும்.

தோளில் காயம் ஏதும் இல்லாமல், பலம் மட்டும் மெல்லக் குறைந்துவருகிறது என்பவர்களுக்கு இது போதும். வில்லும் ஏழெட்டு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்கு இது உதவவில்லை. 55க்குக் குறைத்துப் பார்த்தேன், நாணை இறக்கும்போது அதே பிடுங்கல்.

## 2. குறைந்த எடை லிம்ப் கொண்ட புதிய அலுமினிய வில்

ஹாய்ட், மாத்யூஸ், போடெக், பிஎஸ்இ, எலைட் ஆகிய நிறுவனங்களின் முன்னணி அலுமினிய மாடல்கள் இந்த வகையில் வரும். வெறும் வில்லே தோராயமாக 1,600 முதல் 2,000 கனடா டாலர்.

இங்கேதான் ஒரு தவறு நடக்கும். எனக்கே நடக்க இருந்தது. ஒரு கடையில் "70 பவுண்டு லிம்ப் எடுத்துக்கோங்க, 60க்குக் குறைச்சுத் தர்றேன், பின்னால விக்கிறப்ப நல்ல விலை போகும்" என்றார்கள். அவர்களிடம் இருப்பில் இருந்ததும் அதுதான். 60க்குக் கீழே அந்த வில் இறங்கவே இறங்காது என்பதை அவர்கள் சொல்லவில்லை. மறுவிற்பனை விலைக்காக நம் தோளைப் பணயம் வைக்க முடியுமா? நாற்காலிச் சோதனையில் தேறிய எடையை நடுவிலோ உச்சத்திலோ வைத்து லிம்பைத் தேர்ந்தெடுங்கள். 50 தேறினால் 55 அல்லது 50 உச்ச லிம்ப். கடையில் இல்லையென்றால் ஆர்டர் செய்யச் சொல்லிக் காத்திருங்கள். நான் ஏழு வாரம் காத்திருந்தேன்.

மாத்யூஸின் அண்மைய மாடல்களில் லிம்பை மாற்றாமல், கேமில் உள்ள சின்ன மாட்யூலை மாற்றியே உச்ச எடையை ஐந்து ஐந்து பவுண்டாகக் கூட்டிக் குறைக்கலாம். வருடத்துக்கு வருடம் பலம் குறைந்துகொண்டே போகும் நமக்கு இது உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடு. எலைட் வில்கள் இதமான இழுவைக்குப் பெயர் பெற்றவை.

பட்டியலில் முதலில் கண்ணில் படும் எண் வேகம்தான். நொடிக்கு 340, 345 அடி என்று இருக்கும். அது 70 பவுண்டு, 30 அங்குல இழுவை, 350 கிரெயின் அம்புக்கு அளந்தது. நம்மில் பலருக்கு இழுவை 27, 28 அங்குலம்தான். ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி வேகம் போய்விடும். அந்த எண்ணுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். வேகத்துக்குச் செய்த கேம் ஆரம்பத்திலேயே உச்ச எடைக்கு எகிறி, கடைசி வரை அங்கேயே நின்று, பிறகு சட்டென்று விழும். இதமான கேம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஒரே 50 பவுண்டுதான், ஆனால் தோளுக்கு இரண்டும் வேறு வேறு வில். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி ஆறரை அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். கை கொஞ்சம் ஆடினாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

மறைந்த செலவு: வெறும் வில்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சைட், ரெஸ்ட், பீப், ஸ்டெபிலைசர், ரிலீஸ், அம்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் 600 முதல் 1,000 டாலர்.

தோளில் கொஞ்சம் பிரச்சினை, ஆனால் இன்னும் ஐந்து, பத்து வருடம் எய்வேன் என்று இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

## 3. கார்பன் வில்

விலை 2,300இல் தொடங்கும். எடை குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் அதே நீளமுள்ள அலுமினிய வில்லோடு ஒப்பிட்டால் மிச்சமாவது கால் முதல் அரை பவுண்டு. லேசான வில் குறி பார்க்கும்போது அதிகம் ஆடும். ஆட்டத்தை நிறுத்த முன்னால் ஸ்டெபிலைசர் மாட்டுவோம். மிச்சம் பிடித்த எடை அதில் போய்விடும்.

கார்பனின் உண்மையான சுகம் நவம்பரில் தெரியும். உலோகம்போல் உள்ளங்கையைச் சில்லிட வைக்காது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. பையில் போட்டுக்கொண்டு மலையேறி நெடுந்தூரம் நடப்பவர்களுக்கும் அரை பவுண்டு பெரிதுதான். மற்றவர்கள் அந்த 700, 800 டாலரை நல்ல சைட்டிலும் கண்ணாடியிலும் போடலாம்.

## 4. பரந்த எடை வரம்புள்ள மலிவு வில்

இவற்றைச் சிறுவர்கள் வளர வளரக் கூட்டிக்கொள்வதற்கென்று செய்தார்கள். டைமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ 5 பவுண்டிலிருந்து 70 வரை போகும். வில்லின் எடை 3.2 பவுண்டு, நீளம் 31 அங்குலம், நாண் இடைவெளி 7 அங்குலம். நான் மேலே சொன்ன அளவுகளை எல்லாம் மறுபடி பாருங்கள், முதியவருக்கென்று அளவெடுத்த மாதிரி இருக்கிறது. பேர் நிறுவனத்தின் குரூசர் வரிசையும் இப்படித்தான். சைட், ரெஸ்ட் எல்லாம் சேர்த்து 500 முதல் 800 டாலருக்குள் முடிந்துவிடும்.

பெண்களுக்கென்று விற்கும் நல்ல வில்களையும் இங்கே சேர்க்கிறேன். ஹாய்ட் எக்லிப்ஸ், மாத்யூஸ் பிரைமா போன்றவை. குறைந்த எடை, குறைந்த இழுவை நீளம், முதல் தரமான கேம். 27 அங்குல இழுவை உள்ள ஆண்கள் கூச்சப்படாமல் எடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். "அது பொம்பளைங்க வில்லாச்சே" என்று ஒதுக்கிவிட்டு, இழுக்க முடியாத வில்லோடு மரத்தில் உட்காருவது யாருக்கும் பெருமை இல்லை.

மலிவு வில்லின் குறை: எய்யும்போது அதிர்வும் சத்தமும் கொஞ்சம் அதிகம். முழு இழுவையில் நிற்கும் இடம் உறுதியாக இல்லாமல் பஞ்சுபோல் இருக்கும். கூட வரும் சைட்டின் முட்கள் அந்தியில் மங்கிவிடும், அதை மாற்ற 150 டாலர் எடுத்து வையுங்கள். எடையைத் திருகிக் குறைத்துவிட்டு அப்படியே காட்டுக்குப் போய்விடாதீர்கள். தராசில் மாட்டி 40 பவுண்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே போங்கள்.

தோள் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வருபவர்களுக்கு இதைப்போல் வேறொன்று இல்லை. பிசியோ அனுமதித்த பிறகு 15 பவுண்டில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு பவுண்டாக ஏற்றலாம். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் பத்து மாதத்தில் 43க்கு வந்தார். "இனி எத்தனை வருஷம் எய்வேனோ தெரியல" என்று தயங்குபவர்களும் 2,500 டாலரை முடக்காமல் இதில் தொடங்கலாம்.

## 5. கிராஸ்போ

ஒன்டாரியோவில் வில் வேட்டைப் பருவத்திலேயே கிராஸ்போவுக்கும் அனுமதி உண்டு. மானுக்குக் குறைந்தது 45 கிலோ இழுவை எடை வேண்டும். அமெரிக்காவிலும் ஒஹாயோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின் போலப் பல மாநிலங்களில் அப்படித்தான். ஆரிகனில் வேட்டைக்கு அறவே கூடாது.

மான் வந்த பிறகு இழுக்க வேண்டியதில்லை, பிடித்து நிற்க வேண்டியதில்லை, ஸ்கோப் இருப்பதால் கண்ணுக்கும் சுலபம். நாற்காலிச் சோதனையில் 40 பவுண்டுகூட வலியில்லாமல் முடியாதவர்கள் யோசிக்காமல் இதற்கு வந்துவிடலாம். இது வில்லே இல்லை என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை விட, சுத்தமாக ஒரே அம்பில் மான் விழுவது முக்கியம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கயிறு போட்டு இழுத்தால் பாதி எடைதான் தெரியும் என்பார்கள். 150 பவுண்டில் பாதி 75. இடுப்புப் பிடிப்புள்ள மனிதர் குனிந்து, இரண்டு கையாலும் அதை இழுக்க வேண்டும். கைப்பிடியைச் சுழற்றி நாணேற்றும் வசதி உள்ள ரேவின், டென்பாயிண்ட் போன்றவை வேண்டும், விலை 2,000க்கு மேலேயும் போகும். மொத்த எடை ஆறு முதல் எட்டு பவுண்டு, பெரும்பகுதி முன்பக்கம். முட்டுக்கட்டை இல்லாமல் பிடித்து நிற்க முடியாது. மான் வராத நாளில் நாணை இறக்கவும் வழி வேண்டும். பல மாடல்களில் ஒரு பழைய அம்பைத் தரையில் எய்துதான் இறக்க வேண்டியிருக்கும். கட்டைவிரலை அம்பும் நாணும் ஓடும் தண்டவாளத்துக்கு மேலே வைத்தால் நாண் அதை அறுத்துக்கொண்டு போய்விடும். கை மரத்துப்போகும் நீரிழிவுக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | தோராய மொத்தச் செலவு (கனடா டாலர்) | நாணை இறக்குவது | எதிர்பாராத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பழைய வில், குறைத்த எடை | 0 – 800 | பழைய உதறல் அப்படியே | அம்பு, நாண், லிம்ப் | காயமில்லாத தோள், சமீபத்திய வில் |
| புதிய அலுமினியம், 50–55 லிம்ப் | 2,200 – 3,000 | இதமான கேம் என்றால் மிக நன்று | சைட் முதல் ரிலீஸ் வரை | இன்னும் பல வருடம் எய்பவர் |
| கார்பன் | 2,900 – 3,800 | கேமைப் பொறுத்தது | ஸ்டெபிலைசர் | நெடுந்தூரம் நடப்பவர், குளிரில் விரல் வலிப்பவர் |
| பரந்த வரம்பு மலிவு வில் | 600 – 1,000 | குறைந்த எடையால் சுலபம் | சைட், தராசு | சிகிச்சைக்குப் பின் திரும்புபவர், 27 அங்குல இழுவை |
| கிராஸ்போ | 700 – 3,000 | எய்தோ சுழற்றியோதான் | கைப்பிடி வசதி, முட்டுக்கட்டை | 40 பவுண்டு முடியாதவர் |

நான் வாங்கியது இரண்டாவது வழி: 32 அங்குல அலுமினிய வில், 55 பவுண்டு லிம்பை 50க்குத் தளர்த்தியது, 85 விழுக்காடு. போன அக்டோபரில் ஒரு மானை மூன்று முறை இழுத்து, மூன்று முறையும் எய்யாமல் இறக்கினேன். நெஞ்சுப் பகுதி ஒரு முறைகூடத் தெரியவில்லை. தோள் வலிக்கவில்லை. மான் நடந்து போனது.

கடைக்குப் போகும்போது குளிர்கால ஜாக்கெட்டையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போங்கள், டி-ஷர்ட்டோடு இழுத்துப் பார்ப்பது கணக்கில் வராது. உட்கார ஒரு நாற்காலி கேளுங்கள். மனைவியோ மகனோ கூட வந்தால், நீங்கள் வில்லை இறக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியை நாம் மறைத்துவிடுவோம், அவர்களுக்குத் தெரிந்துவிடும். 30 அம்பு எய்யுங்கள், கடைசி ஐந்து எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அன்றே பணம் கட்டாதீர்கள். மறுநாள் காலையில் அந்தக் கையால் மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடிந்தால், போய் வாங்கிக்கொள்ளலாம்.